செடிகள் நலமாக இருக்கின்றன

கன உலோக அழுத்தத் தணிப்பு ஆய்வு நிலையத்தில் செடிகளைத் தவிர வேறு யாரும் புகார் கொடுக்க முடியாது என்பது, அங்கே போய் நிற்கும்வரை கீரைக்காரிக்குத் தெரியாது.

ஒரு கட்டு கீரையை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு காலை ஒன்பதரைக்கே போயிருந்தாள். இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. வேர் கறுத்து, பல் உதிர்ந்த சீப்பு போல இருந்தது. அந்த வருடத்தில் அது மூன்றாவது விதைப்பு. முதல் இரண்டையும் மடக்கி உழுதுவிட்டாள். எட்டு வருடத்துக்கு முன்னால் பேட்டரித் தொழிற்சாலை வந்தது. அதன் கழிவுநீர் வாய்க்காலில் விழுந்து, ஆய்வு நிலையத்தின் பின்பக்கமாக ஓடி, நேரே அவள் நிலத்துக்கு வருகிறது. கீரைக்கு என்ன கேடு என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டியிருக்கவில்லை. வாய்க்கால் கரையோடு அரை மணி நேரம் நடந்தால் போதும். அவள் நடந்து பார்த்திருந்தாள்.

வரவேற்பில் இருந்த எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார்.

"பாதிக்கப்பட்டவர் பேரு எழுதுங்க."

அவள் தன் பெயரை எழுதினாள். எழுத்தர் எட்டிப் பார்த்து, சிவப்பு மையால் அதை அடித்தார்.

"ஏம்மா, மஞ்சளானது நீங்களா, கீரையா?"

"கீரைதாங்க."

"அப்போ கீரைன்னு எழுதுங்க. வயசு?"

"விதைச்சு இருபத்திரண்டு நாள் ஆச்சு."

"விண்ணப்பதாரருக்கு நீங்க என்ன உறவு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அம்மான்னு போடட்டுங்களா?"

எழுத்தர் சிரிக்கவில்லை. "காப்பாளர்னு போடுங்க. அம்மான்னா சான்றிதழ் கேப்பாங்க."

கடைசியில் கையெழுத்து. கீரைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதை நிலையம் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தது. மேசையில் மைப்பெட்டி இருந்தது. கீரைக்காரி ஒரு செடியின் வேரை மையில் தோய்த்து, படிவத்தின் அடியில் ஒற்றினாள். எழுத்தர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் அழுத்தி வச்சிருக்கலாம்" என்றார்.

திட்டத் தலைவர் முதல் மாடியில் தன் அறையிலேயே இருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளை மேலங்கி. சுவரில் பேட்டரித் தொழிற்சாலை கொடுத்த நாட்காட்டி தொங்கியது. அதில் தொழிற்சாலையின் படமும், அதிலிருந்து கிளம்பும் வாய்க்காலும் இருந்தன. வாய்க்காலை நீல நிறத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

அவர் கீரைக்காரியை உட்காரச் சொல்லவில்லை. கீரையை வாங்கி, கண்ணாடித் தட்டில் படுக்கவைத்து, ஏ.சி.யின் காற்று அதன்மேல் நேராகப் படாமல் திருப்பி வைத்தார்.

"ஐயோ பாவம். எவ்வளவு அழுத்தத்துல இருக்கு பாருங்க."

"சார், அந்தத் தண்ணிதான் சார். பேட்டரி கம்பெனித் தண்ணி. அத நிறுத்தச் சொன்னீங்கன்னா..."

திட்டத் தலைவர் கையை உயர்த்தினார். "நீங்க காரணத்தப் பத்திப் பேசறீங்க. நாங்க விளைவுப் பிரிவு."

"காரணப் பிரிவு எந்தப் பக்கம் சார்?"

"அது இன்னும் ஆரம்பிக்கல."

பிறகு அவளுக்குப் புரியும்படி விளக்கினார். அந்த விளக்கத்தை அவர் பல நாடுகளின் கருத்தரங்குகளில் சொல்லியிருப்பதாகவும், எங்கேயும் யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை என்றும் சொன்னார்.

"மனுஷனுக்கு டென்ஷன் வந்தா என்ன பண்றோம்? டென்ஷன் கொடுக்கிறவனப் போய்ப் பிடிக்கிறோமா? ஒரு மாத்திரையப் போட்டுட்டுத் தூங்கறோம். செடிக்கும் அந்த மரியாதையக் கொடுக்கணும். செடிக்குள்ளேயே ஹார்மோன் இருக்கு, தெரியுமா? எப்போ வளரணும், எப்போ வாடணும், எப்போ இலைய உதிர்க்கணும், எல்லாத்தையும் அதுதான் சொல்லும். அதையே நாம மேல இருந்து தெளிச்சா, வேர்ல ஈயம் இருந்தா என்ன, காட்மியம் இருந்தா என்ன, செடி ஒண்ணும் கண்டுக்காது. ஜம்முனு வளரும்."

"ஈயம் போயிடுமா சார்?"

"ஈயம் ஏன் போகணும்?" அவர் உண்மையாகவே வியந்துபோனார். "கவலை போயிடும்."

அடுத்த வாரமே அவள் நிலத்தில் பன்னிரண்டு பாத்திகளை அளந்து குச்சி நட்டார்கள். ஆறு பாத்திகளுக்கு ஹார்மோன். அவற்றில் 'அமைதிப் பாத்தி' என்று பலகை. மற்ற ஆறுக்கு ஒன்றும் கிடையாது. அவற்றில் 'ஒப்பீட்டுப் பாத்தி' என்று பலகை. பன்னிரண்டுக்கும் தண்ணீர் அதே வாய்க்காலிலிருந்துதான்.

தெளிக்கவும் இலைகளைச் சேகரிக்கவும் ஒரு பெண் வந்தாள். நாற்பதை நெருங்கியவள். பதினோரு வருடமாக அரசின் வெவ்வேறு ஆய்வு நிலையங்களில் தற்காலிகப் பணியாளர். இலை மாதிரி எடுப்பவள் என்பதால் நிலையத்தில் அவளை மாதிரிப்பெண் என்றே கூப்பிட்டார்கள். அங்கே குனிந்து நிமிர்ந்து வேலை பார்த்த ஒரே ஆள் அவள்தான் என்பதால், இன்னொரு பொருளிலும் அந்தப் பெயர் அவளுக்குப் பொருந்தியது. இலையின் அகலம், பச்சையின் அடர்த்தி, தண்டின் நிமிர்வு எல்லாவற்றையும் அளந்து ஒரு தாளில் எழுதுவாள். அதில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'மலர்ச்சி'. அதற்கு அளவுகோல் எதுவும் கொடுக்கப்படவில்லை. திட்டத் தலைவர் வந்து பாத்திகளைப் பார்த்து, தன் மனதில் எப்படித் தோன்றுகிறதோ அப்படி ஓர் எண்ணைப் போடுவார்.

இரண்டாவது வாரம், குழாய் அடைத்துக்கொண்டதற்காகக் கீரைக்காரியும் அவள் கணவனும் வரப்பில் நின்று சத்தம் போட்டார்கள். அவன் பம்பு மெக்கானிக். ஊர்க் குழாய்களையெல்லாம் சரிபண்ணுகிறவன் வீட்டுக் குழாயை நான்கு நாளாகத் தொடவில்லை என்பது வழக்கு. மறுநாள் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது.

'ஆய்வுப் பாத்திகளுக்கு இருபது மீட்டர் சுற்றுவட்டத்தில் குடும்பச் சண்டை தவிர்க்கப்பட வேண்டும். தவிர்க்க இயலாத சண்டைகளை ஒப்பீட்டுப் பாத்திகளின் பக்கமாக நடத்திக்கொள்ளலாம்.'

கணவன் அதை இரண்டு முறை படித்தான். "ஒப்பீட்டுப் பாத்தி எது?"

"மஞ்சளா இருக்கிறது."

"அப்போ இந்தப் பக்கம் வா. இன்னும் நாலு வார்த்தை பாக்கி இருக்கு" என்றான்.

ஹார்மோன் வேலை செய்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே மாதத்தில் அமைதிப் பாத்திகளில் கீரை முழங்கால் உயரத்துக்கு எழுந்து நின்றது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கரும்பச்சை. சாலையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். பக்கத்திலேயே ஒப்பீட்டுப் பாத்திகள் காமாலை கண்டதுபோலக் கிடந்தன. நிலையம் அமைதிப் பாத்திக் கீரையை விற்க அனுமதி கொடுத்தது. கட்டுகளைச் சுற்ற 'அழுத்தமற்ற கீரை' என்று அச்சடித்த காகிதப் பட்டையும் கொடுத்தது. சந்தையின் மொத்த வியாபாரி நிலத்துக்கே வந்து ஏற்றிப்போனார். அதைப் பார்த்துவிட்டு, வாய்க்கால் பாசனத்தில் இருந்த மற்ற பதினேழு குடும்பங்களும் நிலையத்துக்கு ஓடி, ஹார்மோன் புட்டிகளை வாங்கிவந்து தெளித்தன.

இந்தச் சமயத்தில் தொழிற்சாலையில் ஏதோ இயந்திரம் பழுதாகி, நான்கு வாரம் மூடிவிட்டார்கள். வாய்க்காலில் மழைத்தண்ணீர் மட்டும் ஓடியது. அதில் ஒருநாள் தவளைச் சத்தம் கேட்டது. ஒப்பீட்டுப் பாத்திகளில் புதிதாக முளைத்த இலைகள் மெல்லப் பச்சைக்குத் திரும்பின.

கீரைக்காரி ஓடிப்போய் மாதிரிப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா! தண்ணி நின்னவுடனே எப்படித் தளதளன்னு வருது!"

மாதிரிப்பெண் அளந்து எழுதிக்கொண்டு போனாள். மறுநாள் காலை இரண்டு கார்களில் நிலையமே வந்து இறங்கியது. இயக்குநரும் வந்திருந்தார். ஒப்பீட்டுப் பாத்திகளை, வீட்டில் திருடன் புகுந்ததைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"என்ன இது? அழுத்தம் எங்க?"

"குறைஞ்சிருச்சு சார்" என்றார் திட்டத் தலைவர், தலையைக் குனிந்தபடி.

"குறைஞ்சா நாம எதத் தணிக்கிறது? நிலையத்தோட பேர்லயே தணிப்புன்னு இருக்கு. தொழிற்சாலைக்கு எழுதுனீங்களா?"

"எழுதிட்டேன் சார். சீக்கிரம் ஓட்டப் பாக்கறோம், சிரமத்துக்கு மன்னிக்கவும்னு பதில் போட்டிருக்காங்க."

அன்று மாலைக்குள் ஒரு பெரிய புட்டி வந்தது. கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்ட ஒருவர், அதிலிருந்த வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கரைத்து, பன்னிரண்டு பாத்திகளிலும் அளந்து ஊற்றினார். கீரைக்காரி குறுக்கே போய் நின்றாள்.

"என்னங்க ஊத்தறீங்க?"

"காட்மியம் உப்பு."

"அது விஷம் இல்லையா?"

திட்டத் தலைவரின் முகம் சுருங்கியது. "அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா. கம்பெனி விடற தண்ணியிலதான் ஒருநாள் இருக்கு, ஒருநாள் இல்ல, ஒழுங்கே கிடையாது. இது தரப்படுத்தப்பட்ட அழுத்தம். எல்லாப் பாத்திக்கும் சமமாப் போகும். ஒரு பாகுபாடும் கிடையாது."

"எல்லாத்துக்கும் ஊத்திட்டு, ஆறுக்கு மட்டும் மருந்து தெளிப்பீங்களா?"

"அதுதாம்மா அறிவியல்."

அவள் குறுக்கே நின்ற இடத்தைவிட்டு விலகினாள். கரையேறி நின்றுகொண்டாள். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள். அத்தனை பேர் மேலங்கியோடு நிற்கும்போது தனக்குப் புரியாதது ஏதோ இருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பிற்பாடு தன்னையே பலமுறை திட்டிக்கொண்டாள்.

அவள் வீட்டில் அப்போது நாத்தனார் இருந்தாள். ஆறு மாதக் கர்ப்பம். புருஷன் வெளியூர் வேலைக்குப் போயிருந்ததால் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தாள். இரத்தம் குறைவாக இருக்கிறது, கீரை நிறையச் சாப்பிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மஞ்சளாக இருந்தவரை வீட்டில் யாரும் அந்தக் கீரையைத் தொட்டதில்லை. கரும்பச்சையாகத் தளதளவென்று வந்த பிறகு கீரைக்காரியே தினமும் ஒரு கட்டை ஆய்ந்து, கழுவி, வேகவைத்துத் தட்டில் போட்டாள்.

"அண்ணி, இன்னும் கொஞ்சம்" என்று நாத்தனார் வாங்கிச் சாப்பிட்டாள்.

எட்டாம் மாதம் நாத்தனாருக்கு வயிற்றில் பிடித்து இழுத்தது. பிரசவ வலி இல்லை, வேறு மாதிரி. கையில் டம்ளரைப் பிடித்தால் நழுவியது. மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா அவள் ஈறைப் பார்த்தார். மணிக்கட்டை மடக்கி நீட்டச் சொன்னார்.

"நீ பேட்டரி கம்பெனில வேலை பாக்கறியா?"

"இல்ல டாக்டர். நான் வீட்ட விட்டு வெளியவே போறதில்ல."

"அங்க வேலை செய்யறவங்களுக்குத்தான் இப்படி வரும்."

இரத்தத்தை எடுத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினார். நான்கு நாளில் முடிவு வந்தது. ஈயம்.

"என்ன சாப்பிடற?" என்று டாக்டரம்மா கேட்டார். நாத்தனார் பெருமையோடு, "நீங்க சொன்ன மாதிரியே தினமும் கீரை. எங்க அண்ணி நிலத்துக் கீரை" என்றாள்.

கீரைக்காரி கீழே வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மருத்துவமனையிலிருந்து நேரே ஆய்வு நிலையத்துக்குத்தான் போனாள். இந்த முறை படிவம் எதுவும் வாங்கவில்லை. திட்டத் தலைவரின் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"சார், அந்தக் கீரைக்குள்ள ஈயம் இருக்கா, இல்லையா?"

"செடி நல்லா இருக்கும்மா. மலர்ச்சி ஒன்பது புள்ளி நாலு."

"செடி இருக்கட்டும். அதத் திங்கிற மனுஷி?"

"இதப் பாருங்க." அவர் பொறுமையாகப் பேசினார். "செடி மண்ணுல நிக்கிற வரைக்கும்தான் அது எங்களுக்குச் செடி. அறுத்துட்டா அது உணவு. உணவுன்னா உணவுத் தரப் பிரிவு, மூணாவது மாடி."

மூன்றாவது மாடியில் இருந்தவர் அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு, பாக்கெட்டில் அடைத்த பொருளைத்தான் தாங்கள் பார்ப்போம் என்றார்.

"பாக்கெட்ல போட்டுக் கொண்டுவந்தா பாப்பீங்களா?"

"தாராளமா. ஆனா உள்ள என்னென்ன இருக்குன்னு லேபிள்ல எழுதியிருக்கணும்."

"என்ன இருக்குன்னு தெரியாமத்தானே உங்ககிட்ட வந்திருக்கேன்?"

"தெரியாத பொருள நாங்க எப்படிம்மா எடுத்துக்க முடியும்?"

அவள் படியிறங்கி வந்தாள். கீழே கேன்டீனில் மதியச் சமையல் நடந்துகொண்டிருந்தது. காலையில் சந்தைக்குப் போட எடுத்துவந்து, மருத்துவமனை அலைச்சலில் போடாமலே போன ஒரு கட்டு அவள் பையில் கிடந்தது. என்ன நினைத்தாளோ, அதை எடுத்துச் சமையல்காரர் முன்னால் வைத்தாள்.

"இதச் சமைச்சு உங்க சார்களுக்குப் போடுங்க."

சமையல்காரர் காகிதப் பட்டையைப் பார்த்ததுமே கையை இழுத்துக்கொண்டார். "ஐயையோ, இதெல்லாம் உள்ள வரக்கூடாதும்மா. சர்க்குலர் இருக்கு." புகைபோக்கிக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருந்ததைக் காட்டினார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

'ஆய்வுப் பாத்திகளிலும் வாய்க்கால் பாசனப் பகுதியிலும் விளையும் கீரை, காய்கறி எதையும் கேன்டீனில் சமைக்கக் கூடாது. பணியாளர் உடல்நலத்தை முன்னிட்டு இவ்வாறு உத்தரவிடப்படுகிறது. இயக்குநர்.'

தேதி, நான்கு மாதத்துக்கு முந்தையது. அமைதிப் பாத்தியில் முதல் அறுப்பு முடிந்து மூன்றாம் நாள்.

"எதுக்குன்னு எங்கிட்ட சொல்லல" என்றார் சமையல்காரர். "ஒட்டச் சொன்னாங்க, ஒட்டுனேன். வேணும்னா எடுத்துக்கோங்க. நாலு காப்பி கொடுத்திருக்காங்க."

வாசலில் மாதிரிப்பெண் நின்றிருந்தாள். அவளும் அன்றைக்குத்தான் நாத்தனாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாள்.

"முதல் அறுப்புலயே இலைய டெஸ்ட் பண்ணிட்டோம்கா. அனுமதிச்ச அளவவிட பதினோரு மடங்கு இருந்துச்சு. அத ரிப்போர்ட்ல சேக்க வேண்டாம்னுட்டாங்க. அழுத்தம் மட்டும்தான் தலைப்பாம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நான் தற்காலிகம்கா."

கீரைக்காரிக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அறையவில்லை. அறைய வேண்டியவர்கள் முதல் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் இருந்தார்கள்.

அடுத்த நாளிலிருந்து அவள் கீரை அறுப்பதை நிறுத்தினாள். சந்தைக்குப் போய் வியாபாரியிடம் சொன்னாள். அவர் நம்பவில்லை. "இவ்வளவு பச்சையா இருக்கு, இதப் போயி விஷம்ங்கறீங்க. போட்டியா யாராவது கிளப்பிவிட்டிருப்பாங்க." மற்ற பதினேழு குடும்பங்களிலும் சொன்னாள். அவர்களும் இலையைத்தான் காட்டினார்கள். மஞ்சளாக இருந்தபோது யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணால் பார்த்ததும் வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். இப்போது அவள் தொண்டை வறளப் பேசினாலும், கீரை பேசாமல் நின்றே அவளைப் பொய்யாக்கியது.

பத்து நாள் கழித்து அவள் நிலத்தில் வயல் விழா. பந்தல் போட்டார்கள். தலைமை ஆணையர் சிறப்பு விருந்தினர். வாய்க்கால் பாசனக் குடும்பங்கள், சந்தை வியாபாரி, தொழிற்சாலையின் மேலாளர் என்று நூற்றைம்பது பேர். பார்வைக்கு நன்றாக இல்லை என்று ஒப்பீட்டுப் பாத்திகளைப் பச்சைத் துணியால் மூடியிருந்தார்கள். விழா வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுத்தபோதுதான், நிகழ்ச்சி நிரலில் 'பயனாளி நன்றியுரை: மூன்று நிமிடம்' என்ற வரி கண்ணில் பட்டது. பேசாமல் இருந்துவிட்டாள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"கனம் பொருந்திய ஆணையர் அவர்களே! இந்த நிலையம் தொடங்கி ஏழு வருஷம் ஆகுது. இந்த ஏழு வருஷத்துல வாய்க்கால்ல உலோகத்தோட அளவு ஒரு நாள்கூடக் குறைஞ்சதில்ல, ஒரு நாலு வாரத்தத் தவிர. அதுக்காக நாங்க வருந்தறோம். இவ்வளவு நிலையான ஆதரவு கொடுத்த தொழிற்சாலைக்கு நன்றி. இன்னிக்கு இந்தக் கீரைகளப் பாருங்க. எந்தச் செடியாவது முகம் சுளிக்குதா? எந்தச் செடியாவது நம்மமேல குறை சொல்லுதா? அதுதான் எங்க வெற்றி. பாதிப்பு இருக்கலாம், ஆனா பாதிப்பு வெளிய தெரியக்கூடாது. இதே முறைய வேற துறைகளுக்கும் கொண்டுபோகணும்னு நான் பணிவோட கேட்டுக்கறேன்."

பலத்த கைதட்டல். தலைமை ஆணையர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

பிறகு கீரைக்காரியைக் கூப்பிட்டார்கள். நிலையம் எழுதிக் கொடுத்த நன்றியுரை மூன்று பக்கம். அதை மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். கையில் இருந்தது சர்க்குலர். எண்ணெய்ப் பிசுக்கேறிய அந்தத் தாளை, தேதியிலிருந்து இயக்குநரின் கையெழுத்துவரை, தட்டுத் தடுமாறிப் படித்தாள். படித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நன்றியுரையைக் கேட்கும் வழக்கம் யாருக்கும் இல்லை.

அவள் மைக்கை விடவில்லை. இன்னொரு முறை படித்தாள். இந்தத் தடவை தடுமாற்றம் இல்லை.

பின் வரிசையில் சந்தை வியாபாரி மெல்ல எழுந்தார். "இருங்க, இருங்க. இவங்க ஆபீஸ்ல சமைக்கக் கூடாதுன்னா... அப்போ நாலு மாசமா நான் ஊருக்கெல்லாம் வித்தது?"

பந்தலில் வரிசை வரிசையாக நாற்காலிகள் அவர் பக்கம் திரும்பின.

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். "அது உள் நிர்வாகம் சம்பந்தப்பட்ட உத்தரவு. பொதுமக்களுக்குப் பொருந்தாது."

"ஆமாங்க" என்றாள் கீரைக்காரி. "எங்களுக்குப் பொருந்தாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லல."

மேடையை விட்டு இறங்கி, அமைதிப் பாத்திக்குள் நுழைந்து, இரண்டு கையாலும் கீரையை வேரோடு பிடுங்க ஆரம்பித்தாள். திட்டத் தலைவர் ஓடிவந்தார். "அம்மா! அம்மா! அது தரவு! ஆய்வு முடியல!"

"உங்க தரவா? அப்போ நீங்களே வச்சுக்கோங்க." மண் உதிர உதிர ஒரு பெரிய கட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நல்ல பச்சை. வீட்டுக்குக் கொண்டுபோங்க. பிள்ளைங்களுக்குக் கொடுங்க."

திட்டத் தலைவர் இரண்டடி பின்னால் போனார். கைகளை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் நூற்றைம்பது பேரும் அந்த இரண்டடியைப் பார்த்தார்கள். பத்து நாளாக அவள் சொல்லியும் அவர்களுக்கு ஏறாதது அப்போது ஏறியது. பதினேழு குடும்பத்துப் பெண்களும் சாப்பாட்டுக்கு நிற்காமல் தங்கள் நிலங்களுக்கு ஓடினார்கள். மாதிரிப்பெண் மட்டும் அங்கேயே நின்று, கீரைக்காரிக்குப் பக்கத்தில் குனிந்து, தானும் பிடுங்கினாள். மறுநாள் முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லிவிட்டார்கள்.

நிலையம் அறிக்கை வெளியிட்டது. 'விழா சிறப்பாக நடைபெற்றது. செடிகள் நலமாக இருந்தன, பிடுங்கப்படும்வரை.' வாய்க்கால் தண்ணீரை நிறுத்தச் சொல்லி எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுத்த மனுவை, மனிதர்கள் கையெழுத்திட்டிருப்பதால் ஏற்க இயலாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

மனு திரும்பிவந்த அன்று காலை, பெண்கள் எல்லோரும் மண்மூட்டைகளோடு வாய்க்காலுக்குப் போனார்கள். பாசன நிலம் தொடங்கும் இடத்தில் மதகு இருந்தது. துருப்பிடித்த மதகுப் பலகையைக் கீரைக்காரியின் கணவன் ஸ்பேனர் போட்டுத் திருகி இறக்கினான். இடுக்குகளில் மூட்டை அடுக்கினார்கள். தங்கள் நிலத்துக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம் என்பதுதான் அவர்கள் எண்ணம். வேறெந்தத் திட்டமும் இருக்கவில்லை.

ஆனால் போக வழியில்லாத தண்ணீர் சும்மா நிற்காது. மெல்ல எதிரேறி, மறுநாள் மதியம் ஆய்வு நிலையத்தின் பின்சுவரைத் தாண்டியது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வளர்த்த புல்வெளியில் கணுக்கால் அளவுக்குக் கறுப்பாகத் தேங்கியது. இயக்குநரின் கார் அதில் நின்றது.

இரண்டு மணி நேரத்தில் வரவேற்பு எழுத்தர் சைக்கிளில் மதகுக்கு வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது.

"நிறுத்திட்டாங்கம்மா! கம்பெனிக் குழாய மூடிட்டாங்க! சுத்தப்படுத்தற இயந்திரம் வைக்கிற வரைக்கும் ஒரு சொட்டு விட மாட்டாங்களாம். இயக்குநர் சார் கம்பெனி மேலாளருக்குப் போன் பண்ணாரு."

"எத்தனை தடவை?" என்று கேட்டாள் கீரைக்காரி.

"ஒரே தடவைதான். நான்தான் நம்பர் போட்டுக் கொடுத்தேன்."

அவள் சேற்றில் நின்றபடி அதைக் கேட்டாள். மருத்துவமனையில் நாத்தனார் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு என்ன ஆகும் என்று பிறந்த பிறகுதான் சொல்ல முடியும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஏழு வருடம். ஒரு போன்.

பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். எழுத்தர் தயங்கித் தயங்கி, "அப்போ மூட்டைய எடுத்துடலாம் இல்லைங்களா? சார் கார எடுக்கணும்" என்றார்.

கீரைக்காரி கரையில் நின்ற கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு மூட்டை இறக்குங்க" என்றாள்.